மார்ஃபான் நோயும் நமது கடமையும்

சில குடும்பங்களைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு வழங்கிவரும். "அந்த வீட்டு ஆண்பிள்ளைகள் நாற்பதைத் தாண்டமாட்டார்கள்" என்பார்கள். பாட்டனார் வயலில் நின்றிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவருடைய மகனும் முப்பத்தைந்தாம் வயதில் அவ்வாறே போனார். பேரனுக்கோ ஆறு வயதிலேயே கண் சரியாகத் தெரியவில்லை. இம்மூன்றையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்ப்பார் அரியர். சாவுகளுக்குக் குலசாபம் என்றோ தெய்வக்குற்றம் என்றோ காரணம் கூறிப் பரிகாரம் செய்வார்கள். குழந்தையின் கண்ணுக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்து அமைவார்கள். ஆனால், கண்ணின் குறையும் நெஞ்சில் வந்த திடீர்ச் சாவும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவையாக இருக்கக்கூடும் என்பதை மருத்துவ விஞ்ஞானம் ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பித்திருக்கிறது. அவ்வாறு கண்ணையும், இதயத்தையும், இரத்தக் குழாய்களையும் ஒருசேரத் தாக்கும் பரம்பரை நோய்களுள் முதன்மையானது மார்ஃபான் நோய்.

இது அரிய நோய். உலகெங்கும் ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவருக்கு இது காணப்படுகிறது. ஆண், பெண் என்ற வேற்றுமையோ, இன்ன நாட்டார், இன்ன சாதியார் என்ற வேற்றுமையோ இதற்கு இல்லை. அரியது என்றவுடன் நமக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று எண்ணுதல் கூடாது. ஓர் ஊராட்சி ஒன்றியத்தில் ஒரு லட்சம் மக்கள் வாழ்வதாகக் கொண்டால், அக்கணக்கின்படி 20 பேருக்கு இந்நோய் இருத்தல் வேண்டும். அந்த இருபதின்மரும் ஊருக்கு ஒருவராகச் சிதறியிருப்பதில்லை. மூன்று நான்கு பேராகச் சில குடும்பங்களிலேயே கூடியிருப்பார்கள். ஆகவே, ஒருவரைக் கண்டறிந்தால் ஒரு குடும்பத்தையே காப்பாற்றலாம். இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விரும்பும் செய்தி இதுவே.

நோயின் இயல்பு

நம் உடம்பில் தசை, எலும்பு, குழாய் முதலிய உறுப்புகளைத் தாங்கி, உருக்குலையாமல் பிணைத்து வைத்திருக்கும் ஒரு பொருள் உண்டு. அதனை இணைப்புத் திசு என்பர். சுவருக்குச் சாந்து எப்படியோ, கூரைக்குக் கட்டுக்கயிறு எப்படியோ, அப்படி உடலுக்கு இந்த இணைப்புத் திசு. இதற்கு உறுதியும் நெகிழ்வும் தரும் நுண்ணிய நார்களில் ஃபைப்ரில்லின் என்னும் புரதம் முக்கியமானது. 1986-ஆம் ஆண்டில் அறிஞர்கள் இப்புரதத்தைக் கண்டறிந்தார்கள். இதனைச் செய்வதற்கு வேண்டிய குறிப்பு, நம் உடம்பின் 15-ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் அடங்கியிருக்கிறது. அம்மரபணுவில் பிழை நேரும்போது மார்ஃபான் நோய் உண்டாகிறது என்பது 1991-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது.

இந்நோய்க்குப் பெயர் தந்தவர் பாரிஸ் நகரத்துக் குழந்தை மருத்துவர் அந்துவான் மார்ஃபான். 1896-ஆம் ஆண்டில் அவர், கைகால் விரல்கள் மிக நீண்டு மெலிந்திருந்த ஒரு சிறுமியைப் பற்றி மருத்துவ உலகிற்கு எடுத்துரைத்தார். அவர் கண்டது எலும்பின் மாறுதலை மட்டுமே. கண்ணுக்கும், இதயத்திற்கும், பெருங்குழாய்க்கும் இதனோடு உள்ள தொடர்பைப் பின்வந்தோர் ஒவ்வொன்றாகக் கண்டு சேர்த்தனர். உடம்பில் எங்கெங்கு அந்த நார் இருக்கிறதோ அங்கெல்லாம் குறை தோன்றும் என்பதை அறிந்த பிறகே, இவையெல்லாம் ஒரே நோயின் பல முகங்கள் என்பது தெளிவாயிற்று.

கண்ணில் நிகழ்வது

கண்ணுக்குள்ளே 'லென்ஸ்' எனப்படும் தெளிந்த வில்லை ஒன்று இருக்கிறது. சைக்கிள் சக்கரத்தின் நடுக்குடத்தைச் சுற்றிலும் கம்பிகள் இழுத்துப் பிடித்திருப்பது போல, இந்த வில்லையைச் சுற்றிலும் மிக மெல்லிய நார்கள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. அந்நார்கள் பெரும்பாலும் ஃபைப்ரில்லினால் ஆனவை. அவை வலுவிழந்து நீளும்போதும் அறும்போதும் வில்லை தன் இடத்தை விட்டு ஒரு பக்கமாக விலகுகிறது. மார்ஃபான் நோயாளிகளில் பத்தில் ஆறு பேருக்கு இவ்வாறு வில்லை விலகியிருப்பதைக் காணலாம். பெரும்பாலும் அது மேல்நோக்கி விலகும்.

கண்கோளம் நீண்டுபோவதால் கடுமையான கிட்டப்பார்வையும் சிறு வயதிலேயே ஏற்படும். கரும்பலகை தெரியாமல் முன்வரிசைக்குப் போய் உட்காரும் குழந்தை, புத்தகத்தை முகத்தோடு ஒட்டிப் படிக்கும் குழந்தை, ஆண்டுக்கு ஆண்டு கண்ணாடியின் 'பவர்' விரைந்து ஏறும் குழந்தை ஆகியோரைச் சாதாரணமாக எண்ணிவிடலாகாது. அவர்களிற் பெரும்பாலோருக்கு வெறும் கிட்டப்பார்வையே இருக்கும். எனினும், கண்மணியை மருந்திட்டு விரிவித்து மருத்துவர் கருவியால் உள்ளே நோக்கினால்தான் வில்லை விலகியிருக்கிறதா என்பது விளங்கும். எழுத்து அட்டையைத் தொலைவில் வைத்துப் படிக்கச் சொல்வது மட்டும் இதற்குப் போதாது.

இந்நோயாளிகளுக்குக் கண்ணின் உட்புறத்துத் திரையாகிய விழித்திரை கழன்றுவிடும் அபாயமும் உண்டு. கண்ணில் திடீரென மின்னல் வெட்டுவது போலத் தோன்றுதல், கரும்புள்ளிகள் மழைபோல் வீழ்தல், பார்வையின் ஒரு பக்கத்தில் திரை இறங்குவது போலத் தெரிதல் ஆகியவை அதன் அறிகுறிகள். அன்றைக்கே கண் மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். ஒரு வாரம் தாமதித்தால் பார்வை மீளாமற் போகலாம். கண்ணழுத்த நோயும், இளவயதிலேயே கண்புரையும் வருவது உண்டு. குழந்தைப் பருவத்திலேயே குறை தெரிந்துவிட்டால், தக்க கண்ணாடியாலும், வேண்டுமாயின் அறுவைச் சிகிச்சையாலும் பார்வையைப் பெரும்பாலும் காக்கலாம்.

இதயத்திலும் பெருங்குழாயிலும் நிகழ்வது

கண்ணின் குறை வாழ்க்கையைக் கெடுக்கும். உயிரைக் குடிப்பது வேறொன்று. இதயத்திலிருந்து புறப்பட்டு உடம்பெங்கும் இரத்தத்தைக் கொண்டுசெல்லும் தலைவாய்க்காலுக்குப் பெருந்தமனி என்று பெயர். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் பீச்சும் இரத்தத்தின் முழு வேகத்தையும் முதலில் தாங்குவது அதன் அடிப்பகுதியே. சுவர் உறுதியாக இருந்தால் விரிந்து சுருங்கி அவ்வேகத்தை ஏற்றுக்கொள்ளும். மார்ஃபான் நோயில் சுவரின் நார்கள் நலிந்திருப்பதால், அப்பகுதி ஆண்டுதோறும் சிறிது சிறிதாகப் புடைத்துப் பெருக்கிறது. வளர்ந்தவர்களுக்கு 3 சென்டிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டிய குழாயின் அகலம் 4 சென்டிமீட்டராகி, 5 சென்டிமீட்டரையும் எட்டக்கூடும். இவ்வளவும் நிகழும்போது நோயாளிக்கு வலி இல்லை; இளைப்பு இல்லை. அவர் ஏர் ஓட்டுவார், மூட்டை சுமப்பார், திருவிழாவிற்குப் போய்வருவார்.

ஏரிக்கரையில் நண்டு வளை தோண்டினால் என்ன ஆகும் என்பதை விவசாயிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வெளியே கரை முழுதாகவே தோன்றும். உள்ளே நீர் புகுந்து மண்ணை அரித்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் திடீரென உடைப்பெடுக்கும். பெருந்தமனியின் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. புடைத்துப்போன குழாயின் உள்ளடுக்கில் ஒரு சிறு கிழிசல் விழுந்தால், இரத்தம் அக்கிழிசல் வழியே அடுக்குகளுக்கு இடையே புகுந்து, அவற்றைப் பிளந்துகொண்டே செல்கிறது. நெஞ்சிலோ முதுகிலோ கிழிப்பது போன்ற கடும் வலி திடீரென உண்டாகும். இதயத்தை அடுத்த பகுதியில் இப்பிளவு நேர்ந்து சிகிச்சை கிட்டாவிட்டால், முதல் இரண்டு நாட்களில் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் நூற்றுக்கு ஓரிருவர் வீதம் இறந்துபோவர் என்று மருத்துவர்கள் கணக்கிட்டிருக்கின்றனர்.

இங்கே முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. இவ்வலியை வாயுப்பிடிப்பு என்று எண்ணிச் சூரணம் தின்று வீட்டிலேயே படுத்திருப்பவர் உண்டு. சாதாரண மாரடைப்பு என்று கருதப்படுவதும் உண்டு. மாரடைப்புக்கு இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து நன்மை செய்யும்; பெருந்தமனி பிளந்தவருக்கோ அதே மருந்து பெருந்தீங்கு விளைவிக்கும். ஆகையால், "இவர் குடும்பத்தில் மார்ஃபான் நோய் உண்டு" அல்லது "இவர் தந்தையும் இளவயதில் இவ்வாறே இறந்தார்" என்ற ஒரு சொல்லை உடன் செல்பவர் முதலிலேயே மருத்துவரிடம் கூறிவிடுவது, உயிருக்கும் சாவுக்கும் இடையே நிற்கும் சொல்லாகலாம்.

இதயத்தின் ஈரிதழ் வால்வு தொய்ந்து இரத்தம் பின்னோக்கிக் கசிவதும், நுரையீரலில் காற்றுக் கசிந்து மூச்சுத் திணறல் திடீரென வருவதும் இந்நோயில் காணப்படுபவையே.

புறத்தோற்றத்தில் தெரிபவை

இந்நோயாளிகளிற் பலர், குடும்பத்தில் ஏனையோரைவிட உயரமாகவும் மெலிந்தும் இருப்பார்கள். கைகளும் கால்களும் விரல்களும் நீண்டிருக்கும். நெஞ்செலும்பு உட்குழிந்தோ முன்னே புடைத்தோ இருக்கும். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கலாம். பாதம் தட்டையாக இருக்கலாம். மருத்துவர்கள் சோதித்துப் பார்க்கும் எளிய அளவைகள் மூன்றினை ஈண்டுக் குறிப்பிடுகிறோம்.

முதலாவது, கட்டைவிரலை உள்ளங்கையின் குறுக்கே மடக்கி, அதன்மேல் மற்ற விரல்களை மூடினால், கட்டைவிரலின் நகம் முழுவதும் சுண்டுவிரல் பக்கத்து விளிம்பைத் தாண்டி வெளியே நீண்டிருத்தல். இரண்டாவது, ஒரு கையின் மணிக்கட்டை மறு கையால் சுற்றிப் பிடித்தால், கட்டைவிரல் நுனி சுண்டுவிரலின் நகம் முழுவதையும் மூடும்படி ஒன்றன்மேல் ஒன்று ஏறுதல். மூன்றாவது, இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து நிற்கும்போது ஒரு கை நுனி முதல் மறு கை நுனி வரையுள்ள நீளம், உயரத்தைவிட நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் மிகுந்திருத்தல். எடுத்துக்காட்டாக, 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்குக் கைவிரி நீளம் 168 சென்டிமீட்டரைத் தாண்டியிருக்கும்.

இவை வழிகாட்டிகளே அன்றி முடிவுகள் அல்ல. உயரமானவர் எல்லாரும் நோயாளிகள் அல்லர். நீண்ட விரல் உடையவர் எல்லாருக்கும் இதயக் குறை இருப்பதில்லை. அவ்வாறே, நோய் உள்ளவர் எல்லாரும் உயரமாக இருப்பர் என்ற நியதியும் இல்லை. கண்ணைச் சோதித்தும், 'எக்கோ' என்னும் ஒலியலைக் கருவியால் பெருந்தமனியை அளந்தும், குடும்ப வரலாற்றைக் கேட்டும், வேண்டுமாயின் மரபணுவைப் பரிசோதித்தும் மருத்துவர் சொல்வதே முடிவு. எக்கோ பரிசோதனைக்கு ஊசியும் இல்லை, வலியும் இல்லை.

பரம்பரையாக வருவது எங்ஙனம்?

ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரட்டையாக இருக்கிறது. ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. மார்ஃபான் நோய் உண்டாவதற்கு இவ்விரண்டில் ஒன்று பிழைபட்டாலே போதும். ஆதலால், தாய் தந்தையரில் ஒருவருக்கு நோய் இருக்குமாயின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. நாணயத்தைச் சுண்டினால் தலையோ பூவோ விழுவது போன்றது இது. நான்கு பிள்ளைகள் பிறந்தால் இருவருக்கு மட்டுமே வரும் என்று கணக்கிடலாகாது. நால்வருக்கும் வரலாம், ஒருவருக்கும் வராமலும் போகலாம். பிழைபட்ட மரபணுவைப் பெறாத பிள்ளை, தன் மக்களுக்கு அதனைக் கொடுப்பதில்லை. நோயாளிகளில் நால்வரில் ஒருவருக்குத் தாய் தந்தையர் இருவரும் நோயற்றவராக இருக்க, அவரிடமே புதிதாகப் பிழை தோன்றியிருக்கும்.

ஒரே குடும்பத்தில் நோயின் கடுமை ஒருவருக்கு ஒருவர் வேறுபடும். தந்தைக்குக் கிட்டப்பார்வை மட்டும் மிகுந்திருக்க, மகனுக்குப் பெருந்தமனி புடைத்திருக்கலாம். இதனாலேயே குடும்பத்தார் நோயைக் காணத் தவறுகின்றனர்.

நம் நாட்டில் மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என உறவில் மணம் முடிக்கும் வழக்கம் உண்டு. மார்ஃபான் நோய்க்கு உறவுமுறைத் திருமணம் காரணம் அன்று; அந்நியத்தில் பெண் எடுப்பதால் மட்டும் இது நீங்குவதும் இல்லை. ஆனால், இந்நோயைப் போலவே தோன்றும் வேறொரு நோய் இருக்கிறது. அதற்கு ஹோமோசிஸ்டினூரியா என்று பெயர். அதிலும் உடல் நீண்டு மெலியும். கண்வில்லை விலகும், பெரும்பாலும் கீழ்நோக்கி. ஆனால் அங்கே அபாயம் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வதே. தாய் தந்தையர் இருவரிடமிருந்தும் பிழைபட்ட மரபணு வந்தால்தான் அந்நோய் உண்டாகும். ஆகையால் உறவில் மணந்தோரின் பிள்ளைகளுக்கு அது வரும் வாய்ப்பு மிகுதி. அதற்குச் சிகிச்சையும் வேறு: சிலருக்குப் பி6 வைட்டமின் மிகுந்த பயன் தருகிறது, சிலருக்கு உணவிற் புரதத்தை அளவிட்டுக் குறைக்க வேண்டியிருக்கிறது. கண்வில்லை விலகிய குழந்தைக்கு இரண்டில் எது என்று பிரித்தறிவது மருத்துவரின் வேலை. அக்குழந்தையை அவரிடம் கொண்டுசேர்ப்பது நமது வேலை.

ஒரு மரணம் கற்பித்த பாடம்

ஃப்ளோ ஹைமன் என்பார் அமெரிக்க நாட்டின் புகழ்பெற்ற கைப்பந்து வீராங்கனை. ஆறடி ஐந்தங்குல உயரம் உடையவர். 1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்ற அணியில் ஆடியவர். 1986-ஆம் ஆண்டு ஜனவரி 24-ஆம் நாள், ஜப்பானில் மட்சுயே நகரத்தில் நடந்த ஓர் ஆட்டத்தின் நடுவே, ஓய்வுக்காக வெளியே வந்து ஆசனத்தில் அமர்ந்தவர் அப்படியே சரிந்து உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 31. பல ஆண்டுகளாக உலகின் சிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவராக விளங்கியவர் மாரடைப்பால் இறந்தார் என்றே முதலில் கருதப்பட்டது. பிரேதப் பரிசோதனையில் பெருந்தமனி கிழிந்திருந்ததும், அவருக்கு மார்ஃபான் நோய் இருந்ததும் வெளிப்பட்டன. அதன்பின் அவருடைய உடன்பிறந்தார்களைப் பரிசோதித்தபோது, சகோதரர் ஒருவருக்கும் அந்நோய் இருப்பது தெரிந்து, காலத்தில் அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது.

காரணத்தைத் தேடிக் கண்டறிந்தமையால் ஒரு மரணம் மற்றோர் உயிரைக் காத்தது. இளவயதில் ஒருவர் திடீரென இறக்கும்போது, "விதி முடிந்தது" என்று கூறிக் கையைக் கட்டிக்கொள்ளாமல், உயிரோடிருக்கும் உடன்பிறந்தாரையும் பிள்ளைகளையும் மருத்துவரிடம் காட்டுவது எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

சிகிச்சை

மரபணுவின் பிழையை நீக்கும் மருந்து இல்லை. எனினும் அப்பிழையின் விளைவைத் தடுக்கும் வழிகள் இருக்கின்றன. இதயத்துடிப்பின் வேகத்தையும் இரத்தத்தின் மோதலையும் தணிக்கும் மாத்திரைகளை மருத்துவர்கள் நாள்தோறும் உண்ணக் கொடுக்கிறார்கள். புரோப்ரனலால், அட்டெனலால், லோசார்டன் முதலியவை அவ்வகையைச் சேர்ந்தவை. கரை பலவீனமாக இருக்கும்போது வாய்க்காலில் நீரின் வேகத்தைக் குறைப்பது போன்றது இது. உடம்பு நன்றாக இருக்கிறதே என்று இம்மாத்திரைகளைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

ஆண்டுக்கு ஒருமுறையேனும் எக்கோ எடுத்துப் பெருந்தமனியை அளக்க வேண்டும். அகலம் 5 சென்டிமீட்டரை அடையும்போது, குடும்பத்தில் முன்னர்ப் பிளவு நேர்ந்திருந்தால் அதற்கு முன்னரே, புடைத்த பகுதியை நீக்கிச் செயற்கைக் குழாய் பொருத்தும் அறுவைச் சிகிச்சையை மருத்துவர்கள் செய்கிறார்கள். இம்முறையை 1968-ஆம் ஆண்டில் பென்டால், டி போனோ என்னும் இருவர் லண்டனிலிருந்து வெளியிட்டனர். பின்னர் வால்வை மாற்றாமலே குழாயை மட்டும் மாற்றும் முறைகளும் தோன்றின. உடைப்பெடுத்த பின் மண்மூட்டை தேடுவதைவிட, உடையும் முன் கரையைக் கட்டுவது எளிது. இவ்வறுவைச் சிகிச்சையும் அத்தகையதே.

இவற்றால் விளைந்த நன்மை பெரிது. 1972-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, இந்நோயாளிகள் சராசரியாக 32 வயதில் இறந்துகொண்டிருந்தனர். 1995-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, அவர்களிற் பாதிப்பேர் 70 வயதைக் கடந்து வாழ முடியும் என்று கணித்தது. ஒரு தலைமுறைக்குள் ஆயுள் இரட்டித்திருக்கிறது. ஆனால், நோய் இருக்கிறது என்று அறிந்தவர்க்கே இப்பயன் உண்டு.

நோயாளியும் குடும்பத்தாரும் கடைப்பிடிக்க வேண்டியவை

மூச்சை அடக்கி முக்கிச் செய்யும் வேலைகள் பெருந்தமனிக்குத் தீங்கானவை. நெல் மூட்டை தூக்குதல், பாறை உடைத்தல், கிணறு தோண்டுதல், இளவட்டக்கல் தூக்குதல், கபடி போன்ற மோதல் விளையாட்டுகள் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். நடை, மெதுவான சைக்கிள் ஓட்டம் போன்ற இலேசான பயிற்சிகளை மருத்துவரின் யோசனைப்படி செய்யலாம். வீட்டில் முடங்கிக் கிடக்க வேண்டியதில்லை.

பெண்கள் கருத்தரிக்கும் முன்னரே பெருந்தமனியை அளந்து பார்த்து மருத்துவரின் கருத்தைக் கேட்டல் வேண்டும். கர்ப்ப காலத்திலும் பேற்றிற்குப் பிந்திய வாரங்களிலும் பிளவு நேரும் அபாயம் மிகுதி. லோசார்டன் போன்ற மாத்திரைகள் கருவிலுள்ள சிசுவுக்குத் தீங்கானவை என்பதால், அவற்றை மாற்றித் தர வேண்டியிருக்கும். பேறு எங்கே, எவ்வாறு நிகழ வேண்டும் என்பதை முன்னரே தீர்மானித்துப் பெரிய மருத்துவமனையில் ஏற்பாடு செய்துகொள்வது நலம்.

சளிக்கும் காய்ச்சலுக்கும் கடையில் கேட்டு மருந்து வாங்கும் வழக்கம் எவர்க்கும் நல்லதன்று. இவர்களுக்கு மிகவும் கெட்டது. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகளால் பெருந்தமனி பிளக்கும் அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2018-ஆம் ஆண்டில் எச்சரித்தது. மார்ஃபான் நோயாளிகளையும் அவ்வெச்சரிக்கையில் குறிப்பிட்டது. எந்த மருத்துவரிடம் சென்றாலும் தம் நோயின் பெயரை முதலில் கூறிவிடுவதும், அதனை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருப்பதும் நல்ல பழக்கங்கள்.

பஞ்சாயத்தின் பங்கு

மருத்துவர் தம் முன் நிற்கும் ஒரு நோயாளியைப் பார்க்கிறார். கிராமமோ மூன்று தலைமுறைகளைப் பார்த்திருக்கிறது. எந்த வீட்டில் யார் எந்த வயதில் எவ்வாறு இறந்தார், யார் பிறவியிலேயே கண் மங்கியவர், எந்தப் பிள்ளை தாய்மாமனைப் போல நெடிது வளர்ந்திருக்கிறது என்பவை ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் இல்லாத இந்த அறிவு, இந்நோயைக் கண்டறிவதற்கு மிக முக்கியமான கருவி. அதனைப் பயனுறச் செய்வது பஞ்சாயத்து உறுப்பினர்களின் கையில் இருக்கிறது. அவர்கள் செய்யத் தக்கவை சிலவற்றைக் கூறுவோம்.

ஒன்று: 2013-ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கின்றனர். அவர்கள் வரும் நாளை முன்கூட்டி அறிந்து, ஒரு குழந்தையும் விடுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறு வயதிலேயே அதிகப் 'பவர்' உள்ள கண்ணாடி அணியும் குழந்தைகளைக் குறித்து, ஆசிரியரும் கிராமச் சுகாதாரச் செவிலியரும் அக்குழுவிடம் தனியே தெரிவிக்க வேண்டும்.

இரண்டு: கண்வில்லை விலகியிருப்பதாக எந்தக் குழந்தைக்கேனும் கண் மருத்துவர் கூறினால், "இதயத்தையும் பார்த்தாயிற்றா?" என்று பெற்றோரைக் கேளுங்கள். குழந்தைக்கு உறுதிப்பட்டால், தாய், தந்தை, உடன்பிறந்தார் அனைவரையும் பரிசோதனைக்குப் போகச் சொல்லுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இதற்கு வசதி உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இதய அறுவைச் சிகிச்சைகள் அடங்கியுள்ளன. தகுதியுள்ள குடும்பத்திடம் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்பதைப் பார்த்து, இல்லையெனில் பெற்றுத் தருவது உறுப்பினர் செய்யக்கூடிய உதவி.

மூன்று: ஊரின் பொது வேலைகளில் இந்நோயாளி கூலிக்கு வருவாராயின், மண் வெட்டுவதையும் சுமப்பதையும் தவிர்த்துத் தண்ணீர் கொடுத்தல், கணக்குக் குறித்தல் போன்ற இலேசான வேலையைக் கொடுக்க வேண்டும். அவர் வெளியே திடகாத்திரமாகத் தோன்றுவதால், சோம்பலால் மறுக்கிறார் என்று ஏசுவது கொடுமை.

நான்கு: நெஞ்சிலோ முதுகிலோ கடும் வலி திடீரென வந்தால், தாமதமின்றி 108 வண்டியை அழைத்து, குடும்ப வரலாறு அறிந்த ஒருவர் உடன் செல்ல வேண்டும்.

ஐந்து: இச்செய்திகளைக் கிராம சபையில் பொதுவாக எடுத்துரையுங்கள், எவருடைய பெயரையும் அங்கே கூறாதீர்கள். பெண்ணுக்கு வரன் அமையாது, பையனுக்குப் பெண் கிடைக்காது என்ற அச்சத்தாலேயே பல குடும்பங்கள் நோயை மறைக்கின்றன. இது தொற்று நோய் அன்று. அறிவைக் குறைப்பதும் அன்று. உண்மையை அறிந்து மணம் புரிந்து, உரிய காலத்தில் மருத்துவரின் யோசனையைப் பெற்று, நெடுநாள் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். நம்பிச் சொன்ன ஒரு குடும்பத்தின் இரகசியம் டீக்கடைப் பேச்சாகுமானால், அடுத்த குடும்பம் வாய் திறக்காது. அதன் விலையை ஒரு குழந்தை கொடுக்க நேரும்.

விதையைத் தேர்ந்தெடுப்பதிலும் கால்நடையின் வம்சம் அறிந்து வாங்குவதிலும் நம் விவசாயிகள் காட்டும் நுணுக்கம் போற்றற்குரியது. பாட்டனார் எத்தகைய நோயால் இறந்தார் என்ற கேள்வியை ஒவ்வொரு வீட்டிலும் அதே நுணுக்கத்தோடு கேட்போமாக. மூத்தோர் உயிரோடு இருக்கும்போதே விடையை வாங்கிக் குறித்து வைப்போமாக. அடுத்த முறை கண்ணாடிக்காகக் குழந்தையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், அக்குறிப்பையும் கையில் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுவார்களாயின், இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறியதாகும்.